செல்வி வீட்டு மொட்டை மாடி

கைபேசியை முன்னால் நீட்டிப் பிடித்தபடி செல்வி நடந்துகொண்டே இருந்தாள். மும்பை செம்பூரில் எங்கள் வீட்டு அடுப்பங்கரையில், குக்கர் விசிலுக்குக் காத்துக்கொண்டு, நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இதுதான்க்கா மொட்டை மாடி. இப்பத்தான் தட்டோடு பதிச்சு முடிச்சாவ. பாத்தியளா?"

பார்த்தேன். நடந்தாள். இன்னும் நடந்தாள். சுவரே வரவில்லை. எங்கள் வீட்டில் யாராவது இத்தனை நேரம் ஒரே திசையில் நடந்தால், பக்கத்து வீட்டுக்காரரின் கட்டில் மேல்தான் போய் நிற்கவேண்டும்.

கடைசியில் துணிக்கொடி வந்தது. அதில் ஒரே ஒரு சேலை, இந்த முனையிலிருந்து அந்த முனைவரை மடிப்பில்லாமல் விரித்துக் காயப்போட்டிருந்தாள். பாளையங்கோட்டை வெயிலில், காற்றில், அது உப்பி உப்பி இறங்கியது.

நான் தலையைத் தூக்கிப் பார்த்தேன். எங்கள் அடுப்பங்கரைக் கூரையில் கப்பி வைத்துக் கட்டிய கம்பிகளில் என் சேலை நாலாக மடிந்து தொங்கியது. பக்கத்தில் இவருடைய வேட்டி, துண்டுகள், தலையணை உறை. நல்ல மழைக்காலம். நாலைந்து நாளாகக் காயாத துணியின் முடை வாசமும் பருப்பு வேகும் வாசமும் கலந்து மூக்கில் ஏறியது.

"நல்லாயிருக்கு செல்வி" என்றேன். குக்கர் கத்தியதைச் சாக்காக வைத்துப் போனை அணைத்தேன். வயிறு எரிந்தது. இதற்குக் கொஞ்சம் மரியாதையான வார்த்தை இருக்கிறதா என்று பிறகு யோசித்துப் பார்த்தேன். கிடைக்கவில்லை. வயிறுதான் எரிந்தது.

இந்தத் தொடரில் இதுவரை பெரும்பாலும் காலமானவர்களைப் பற்றியே எழுதி வந்திருக்கிறேன். அவர்கள் சண்டைக்கு வரமாட்டார்கள். இந்த வாரம் உயிரோடு, நல்ல ஆரோக்கியத்தோடு, இந்தப் பத்திரிகையைச் சந்தா கட்டி வாங்குகிற ஒருத்தியைப் பற்றி எழுதுகிறேன். நடப்பது நடக்கட்டும்.

முந்தானையைப் பிடித்தவள்

செல்வி என் கொழுந்தன் முருகேசனின் மனைவி. எனக்கு ஓரகத்தி. நான் தாராவியில் பிறந்து வளர்ந்தவள். இவரும் இவர் தம்பியும் இளவட்ட வயதில் பாளையங்கோட்டையிலிருந்து பிழைப்புக்கு வந்தவர்கள். இவருக்கு லேத்துப் பட்டறையில் வேலை, தம்பிக்குத் தையல் பட்டறை. கல்யாணமான புதிதில் நாங்கள் எல்லோரும் தாராவியில் ஒரே சந்தில்தான் இருந்தோம்.

செல்வி புதுப்பெண்ணாக வந்து தாதரில் இறங்கியபோது கூட்டத்தைப் பார்த்து மிரண்டுபோய் என் முந்தானையைப் பிடித்தாள். வீடு வந்து சேர்கிறவரைக்கும் விடவில்லை. பிறகும் ரொம்ப வருஷம் விடவில்லை என்றுதான் சொல்லவேண்டும். அவளுக்கு ஹிந்தி சொல்லிக்கொடுத்தது நான். மீன்காரியிடம் பேரம் பேசக் கற்றுக்கொடுத்தது நான். ஓடுகிற மின்சார ரயிலில் எந்தக் காலை முதலில் வைப்பது என்று காட்டியது நான். சந்தில் யாராவது அவளை "யார் இது?" என்று கேட்டால், "சரோஜா ஓரகத்தி" என்பார்கள். எனக்கு அதில் ஒரு பெருமை இருந்தது.

மும்பைக் கோட்டைப் பகுதியில் ஓர் அலுவலகத்தில் எனக்குக் கணக்குப் பிரிவில் வேலை. இரண்டு சம்பளம் வந்ததால் நாங்கள் செம்பூரில் இந்தச் சின்ன வீட்டை வாங்கினோம். பால் காய்ச்சிய அன்று செல்வி வந்தாள். சாமி படத்தைப் பார்க்கவில்லை, சமையல் மேடையைப் பார்க்கவில்லை. நேராகப் போய்க் கழிப்பறைக் கதவைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். "வீட்டுக்குள்ளயே இருக்கே அக்கா" என்றாள். தாராவியில் அவள் இன்னும் காலையில் பொதுக் கழிப்பறை வரிசையில்தான் நின்றுகொண்டிருந்தாள்.

அவள் முகத்தில் அன்று என்ன ஓடியது என்று எனக்கு நன்றாகத் தெரியும். எனக்கு அது ரொம்பச் சுகமாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவளுக்கு இரண்டு தட்டு கேசரி வைத்துக் கொடுத்தேன்.

அந்த நோய்க்காலம் முடிந்த கையோடு முருகேசன் பட்டறையைக் கைமாற்றிவிட்டுக் குடும்பத்தோடு பாளையங்கோட்டைக்கே போய்விட்டான். ரயில் ஏற்றிவிட்டபோது, பாவம், இனி என்ன செய்யப்போகிறார்களோ என்று நான்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அந்தக் கண்ணீரை நினைத்தால் இப்போது எரிச்சலாக இருக்கிறது.

கூட்டலும் கழித்தலும்

மாடியைப் போனில் பார்த்த ஒரு வாரத்தில் அடுத்த செய்தி வந்தது. செல்வி வீட்டை ஒட்டியே ஒரு காலி மனை. உரிமையாளர் தெரிந்தவர். முருகேசன் கேட்டுக்கொண்டதால் வேறு யாரிடமும் பேசாமல் வைத்திருக்கிறார்.

இவர் வேலையிலிருந்து நின்று ஒரு வருஷம் ஆகியிருந்தது. எனக்கும் அப்போதுதான் பணிநிறைவு விழா எடுத்து, சால்வை போட்டு அனுப்பியிருந்தார்கள். இவர் எதையும் நேராகக் கேட்கிற ஆள் இல்லை. சாப்பிடும்போது தட்டைப் பார்த்து, "பேசாம நாமளும் போயிருவமா?" என்றார்.

"போயி?"

"இருக்கது."

அவ்வளவுதான் பேச்சு. இவரிடம் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் வரும்.

பிறகு ஒரு மாதம் இதே கணக்குதான். வாஷியில் இருக்கும் எங்கள் மகள் மீனா ஞாயிற்றுக்கிழமை வந்து பஞ்சாயத்து பண்ணினாள். அவளுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும், ஆனால் வாய் நன்றாக வரும்.

"மம்மி, அங்க மிட்நைட்ல சீனி தீந்துபோச்சுன்னா டென் மினிட்ஸ்ல யாராவது கொண்டாந்து தருவாங்களா?"

"மிட்நைட்ல எதுக்குடி சீனி?"

"தட்ஸ் நாட் த பாயிண்ட். ஹாஸ்பிடல்? அப்பாவுக்கு பிபி இருக்கு. அப்புறம் என் டெலிவரி டைம்ல யாரு வருவா?"

"நீ முதல்ல அந்த நல்ல சேதியச் சொல்லு, பிறகு பாப்போம்" என்றார் இவர். அவள் முறைத்தாள்.

போவதற்கு நியாயம் இல்லாமல் இல்லை. இந்த வீட்டை விற்றால் அங்கே நாலு பக்கமும் காற்று வருகிற மாதிரி கட்டலாம். மாடி ஏறி இறங்க முழங்கால் கெஞ்ச வேண்டாம். தண்ணீருக்காக விடியுமுன் எழுந்து குழாயைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட்டே கிடையாது. இருப்பதற்கும் நியாயம் இருந்தது. மகள் அரைமணி தூரத்தில். கிங்ஸ் சர்க்கிளுக்கு ஒரு நடை போனால் வாழை இலையிலிருந்து அப்பளப்பூ வரைக்கும் கிடைக்கிறது. கூட வேலை பார்த்தவர்கள், ரயில் சிநேகிதிகள், எல்லோரும் இங்கேதான்.

உண்மையைச் சொன்னால் இதில் எதுவும் எனக்குள் ஓடவில்லை. எனக்குள் அந்த ஒற்றைச் சேலைதான் ஓடிக்கொண்டிருந்தது. என் முந்தானையைப் பிடித்து நடந்தவளுக்கு அத்தனை பெரிய மாடி.

சரி, போய்ப் பத்துப் பதினைந்து நாள் இருந்து பார்ப்போம் என்று நாகர்கோவில் எக்ஸ்பிரஸ்ஸில் ஏறினோம்.

"எங்க இறங்குவீங்க?"

போன மறுநாளே மானம் போனது.

மும்பை ரயிலில் பெண்கள் பெட்டியில் போகாதவர்களுக்கு ஒரு வழக்கத்தைச் சொல்லவேண்டும். ஏறியதும், உட்கார்ந்திருப்பவர்களிடம் வரிசையாக "எங்க இறங்குவீங்க?" என்று கேட்போம். ஒருத்தி "குர்லா" என்றால், சரி, குர்லாவிலிருந்து அந்த இடம் எனக்கு. அவள் தலையாட்டிவிட்டால் பத்திரம் எழுதிய மாதிரி. பக்கத்திலேயே நெருக்கிக்கொண்டு நிற்கிற வேறு யாரும் அதில் உட்கார மாட்டார்கள். யாராவது உட்கார்ந்தால் பெட்டியே எழுந்து நியாயம் கேட்கும். வேலைக்குப் போன காலம் முழுக்க நான் இப்படித்தான் உட்கார்ந்தேன்.

ஜங்ஷனுக்குப் போகக் கிளம்பினேன். "நானும் வாரேன்க்கா" என்றாள் செல்வி.

"பம்பாய் லோக்கல்ல போனவளுக்கு டவுன் பஸ்ஸுக்குத் துணையா? அரே, நீ ரசத்தைப் பாரு."

ஏறினேன். முன்னால் உட்கார்ந்திருந்த ஓர் அம்மாளிடம் வாய் தானாகக் கேட்டது.

"எங்க இறங்குவீங்க?"

"வண்ணார்பேட்டைல. நீங்க யாரு, தெரியலியே? சொந்தக்காரவுகளா?"

"இல்ல. அப்ப இது எனக்கு."

அந்த அம்மாள் கையிலிருந்த பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பையை மடியில் இறுக்கிக்கொண்டு, எதற்கும் இருக்கட்டும் என்று தலையாட்டிவைத்தார். வண்ணார்பேட்டையில் அவர் எழுந்ததும், ஒரு கல்லூரிப் பெண் சட்டென்று உட்கார்ந்துவிட்டாள்.

"ஏம்மா, எந்திரி. இது என் சீட்டு. நான் அப்பமே சொல்லி வச்சிருக்கேன்."

"சொல்லி வச்சீங்களா? யார்ட்ட?"

"இருந்தவங்ககிட்டதான். தலையாட்டினாங்க."

கண்டக்டர் வந்தார். என்ன விஷயம் என்று கேட்டார். இந்த சீட்டை நான் புக் பண்ணியிருக்கிறேன் என்று சொன்னேன். அப்படியேதான் சொன்னேன்.

"டிரைவர் அண்ணே," என்று அவர் குரல் கொடுத்தார், "நம்ம வண்டில புக்கிங் ஆரம்பிச்சிட்டாங்களாம்லா. என்கிட்ட சொல்லவே இல்லியே?"

பஸ் முழுக்கச் சிரித்தது. அந்தப் பெண் எழுந்து, "உக்காருங்க ஆச்சி" என்றாள். ஆச்சி! பின்னால் திரும்பிப் பார்த்தால் நாலு சீட் காலியாகக் கிடக்கிறது. ஏறும்போது நான் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. ஒரு வண்டியில் சீட் சும்மா கிடக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

டீக்கடை பெஞ்சில் ஒரு மனுஷன்

இதை இவரிடம் மட்டும்தான் சொன்னேன். "விடு, போட்டும்" என்றார். சிரிக்கக்கூட இல்லை. நல்ல மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் பால் வாங்கப் போனேன். தெருமுனை டீக்கடையில் ஒரே சிரிப்பு. பெஞ்சில் நடுவில் உட்கார்ந்து ஒருவர், என் குரலிலேயே, "ஏம்மா எந்திரி, இது என் சீட்டு!" என்று சொல்லிக்கொண்டிருந்தார். இவர்தான். கையைக் கூட நான் ஆட்டுகிற மாதிரியே ஆட்டினார். பக்கத்தில் இவருடைய பள்ளிக்கூடத் தோழர் சுடலை, டீ புரையேறி இருமிக்கொண்டிருந்தார்.

கோபம் வந்தது. ஆனால் கோபத்துக்கு முன்னால் வந்தது வேறு. இவருக்கு மிமிக்ரி வரும் என்று எனக்குத் தெரியாது. செம்பூரில் இவர் கட்டிங் சாயா என்கிற அரை டம்ளர் டீயை நின்றபடி குடித்துவிட்டு, கண்ணாடி கிளாஸை வைத்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு வருகிறவர். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என் எதிரில் இவர் பெஞ்சைத் தட்டிச் சிரித்ததில்லை. என்னோடு குடும்பம் நடத்தியவர் கொஞ்சமாகத்தான் வந்திருக்கிறார் போல. மீதி ஆளை இந்தச் சுடலையும் டீக்கடையும் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார்கள்.

செல்வியின் மாடியைப் பார்த்து எரிந்த வயிறு, இப்போது ஒரு டீக்கடை பெஞ்சைப் பார்த்து எரிந்தது. பாலை வாங்காமலே திரும்பினேன்.

அன்றிலிருந்து நான் அதிகம் பேசவில்லை. பேசினால் தெருவில் யாராவது சிரிப்பார்களோ என்று இருந்தது. என் பேச்சில் நடுநடுவே "அச்சா", "மத்லப்" என்று ஹிந்தி வரும்; அதுவும் ஒரு வேடிக்கையாகிவிட்டது. இவரோ நாளுக்கு நாள் பேசினார். ஆற்றில் குளித்தார். மத்தியானம் குறட்டை விட்டுத் தூங்கினார். நான் மட்டும் விடியுமுன் எழுந்து, பழக்கதோஷத்தில், வாளி குடம் அண்டா எல்லாவற்றிலும் தண்ணீர் பிடித்து நிரப்பிவைப்பேன். "தண்ணி எங்கயும் ஓடிப்போவாதுக்கா" என்று செல்வி அதைத் திரும்பக் கொட்டிச் செடிக்கு விடுவாள்.

செல்வி டீச்சர்

சாயங்காலம் ஆனால் அந்த மாடியில் பிள்ளைகள் வந்து உட்காரும். செல்வி ஹிந்தி ட்யூஷன் எடுத்தாள்! தாராவிச் சந்தில் நான் சொல்லிக்கொடுத்த அதே ஹிந்தியை. தெருவில் பெரியவர்கள்கூட அவளை "டீச்சர்" என்றுதான் கூப்பிட்டார்கள். கறிக்கடைக்காரர் நல்ல எலும்பாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தார். கோயிலில் பூசாரி பெயர் கேட்காமலே "செல்வி டீச்சர் குடும்பம்" என்று அர்ச்சனை பண்ணினார்.

கிளம்புவதற்கு முந்தின நாள் என்னால் தாங்க முடியவில்லை. மாடிக்குப் போய் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டேன். செல்வி பலகையில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள்.

"இதெல்லாம் புஸ்தக ஹிந்தி," என்றேன் பிள்ளைகளிடம். "பம்பாய்ல ஆட்டோக்காரன் வரமாட்டேங்கிறான். எப்படிச் சண்டை போடுவீங்க? நான் சொல்லித் தாரேன்."

பத்து நாளாக அடைத்துவைத்த வாய். ஆட்டோக்காரன், மீன்காரி, ரயிலில் இடிக்கிறவள் என்று எல்லாருடைய சண்டையையும் நடித்துக் காட்டினேன். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தன, கூடவே சொல்லிப் பார்த்தன. "ஆச்சி, இன்னொண்ணு!" என்றன. ஆச்சி என்றதுகூட அப்போது உறைக்கவில்லை. செல்வி டீ போட்டுக்கொண்டு வருவதாகக் கீழே போனாள். போனவள் திரும்பி வரவில்லை. நான் அதைக் கவனிக்கவும் இல்லை.

வெள்ளிக்கிழமைக்குள்

திரும்பும் ரயிலில் இவர் சோலாப்பூர் வரைக்கும் பேசிக்கொண்டு வந்தார். கல்யாணில் இறங்கியபோது வாய் மூடிவிட்டது. நான் அங்கே இறங்கியதுமே ஆட்டோக்காரனோடு ஆரம்பித்துவிட்டேன். வீடு வந்து சேர்வதற்குள் இரண்டு பேரிடம் சண்டை, மூன்று பேரிடம் குசலம். பூட்டைத் திறந்ததும் அந்த முடை வாசம் வந்தது. எனக்கு அது நிம்மதியாக இருந்தது. இவர் ஜன்னலோரம் போய் உட்கார்ந்து ஒலியில்லாமல் டிவி பார்த்தார்.

நான் முடிவு செய்துவிட்டேன். வேண்டாம். மகள், ஆஸ்பத்திரி, கிங்ஸ் சர்க்கிள் என்று சொல்வதற்குக் காரணம் தயாராக இருந்தது. எந்தத் தெருவில் செல்வி டீச்சரோ, அந்தத் தெருவில் நான் டீச்சருக்குச் சொந்தக்காரியாக, சீட் புக் பண்ணிய ஆச்சியாக இருக்க முடியாது. இதுதான் காரணம். இதை யாரிடமும் சொல்வதாக இல்லை.

முருகேசன் கூப்பிட்டான். "மதினி, மனைக்காரர் வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரு முடிவு சொல்லச் சொல்லுதாரு. அண்ணங்கிட்ட கேட்டேன். எல்லாம் ஒம் மதினிதான்னுட்டான்."

ஜன்னலோரம் பார்த்தேன். இவர் திரும்பவில்லை. காது மட்டும் இந்தப் பக்கம் இருந்தது.

நான் வாயெடுப்பதற்குள் அந்தப் பக்கம் போன் கைமாறியது. செல்வி. எங்கேயோ தனியாக எடுத்துப்போகிற செருப்புச் சத்தம் கேட்டது.

"அக்கா, ஒண்ணு சொன்னா தப்பா நெனைக்க மாட்டியளே?"

"சொல்லு."

"நீங்க வர வேண்டாம்க்கா."

போனைக் காதோடு இன்னும் நெருக்கிப் பிடித்தேன். செல்வி மேலே சொன்னாள்.

"தாராவில எனக்குப் பேரே கிடையாதுக்கா. எங்க போனாலும் சரோஜா ஓரகத்திதான். நீங்க நல்லதுதான் செஞ்சிய, இல்லங்கல. ஆனா இங்க வந்த பிறகுதான் என்னையும் நாலு பேரு பேரு சொல்லிக் கூப்பிடுதாவ. அன்னைக்கு மாடில நீங்க உக்காந்த பிறகு பிள்ளையள் ஒண்ணுகூட என் பக்கம் திரும்பலக்கா. அடுப்படில நின்னு அழுதேன். நீங்க இங்க வந்துட்டா நான் மறுபடியும் உங்க பின்னால நடக்கணும். என்னால ஏலாது."

அவள் சொன்னது அத்தனையும் நியாயம். ஒரு வார்த்தை மறுத்துப் பேச முடியாது. நானும் அதே முடிவில்தான் இருந்தேன். "சரி செல்வி, நாங்க வரல" என்று சொல்லியிருந்தால் இரண்டு பேருக்கும் நிம்மதி. அந்த வார்த்தை நாக்கு நுனியில் இருந்தது.

ஆனால் நானாக வரமாட்டேன் என்பது வேறு. என்னை ஒருத்தி வராதே என்பது வேறு. அதுவும் இவள். அந்தத் தெரு என்ன இவள் சீதனமா? உச்சந்தலைவரை சூடு ஏறியது.

"வர்றோம்" என்றேன். "மனையை முடிச்சிரச் சொல்லு."

இந்தப் பக்கம் நாற்காலி நகர்ந்தது.

இவர் அடுப்பங்கரை வாசலில் வந்து நின்றார். "நெசமாவா சரோசா?" என்றார். அப்போதுகூடத் தலையை இப்படி ஒரு ஆட்டு ஆட்டி இல்லை என்றிருக்கலாம். சும்மா சொன்னேன் என்று சொல்லியிருக்கலாம். முகத்தைப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. தொங்குகிற துணிகளுக்கு நடுவில் அந்த முகம் அப்படியொரு சந்தோஷத்தில் இருந்தது. செம்பூர் வீட்டுக்குள் அதை நான் பார்த்ததே கிடையாது.

"ஆமா" என்றேன்.

சிரித்தார். வாய்விட்டு, தொடையில் தட்டி, அந்த டீக்கடைச் சிரிப்பை. பிறகு தன் போனை எடுத்தார். மகளுக்கு இல்லை, சுடலைக்கு. "ஏலே, வாரோம்லே! ஆமாலே, அவளேதான் சொல்லிட்டா!" என்று கத்தினார்.

என் காதில் போன் இன்னும் இருந்தது. செல்வி மூக்கை உறிஞ்சினாள். அழுகிறாளா, கோபமா, தெரியவில்லை. பிறகு பேசினாள்.

"சரிக்கா. வாங்க. அத்தான்கிட்ட சொல்லி நடுச்சுவர மட்டும் நல்லா உசத்திக் கட்டச் சொல்லுங்க."

"சொல்றேன்" என்றேன்.